பூவரசின் கீழ் நான்கு நாள் நின்ற மேசை

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நாக்கு வறளும். எனக்குப் பகிடி வரும். யுத்தக் காலத்தில் மன்னார்த் தீவில் நான் சொன்ன பகிடிகளை யாராவது எழுதி வைத்திருந்தால், அது ஒரு பயந்தாங்கொள்ளியின் முழு வரலாறாக இருக்கும். நான் வேலை பார்த்த கந்தோரில் என்னைச் சிரிப்பு மூட்டை என்றார்கள். மூட்டைக்குள் என்ன இருந்தது என்று ஒருவரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

இந்தக் கதை ஒரு கலண்டரில் தொடங்குகிறது. ஐரோப்பாவுக்குப் போய்விட்ட என் தங்கை அனுப்பிய கலண்டர் அது. ஆடி மாதப் பக்கத்தில் ஒரு படம். மரங்களுக்குக் கீழே நீளமான மேசை, வெள்ளை விரிப்பு, தோட்டத்தில் அப்போதுதான் வெட்டியது போன்ற பூக்கள், மெழுகுதிரிகள், நடுவில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறையப் பழங்கள். சுற்றிவரக் கதிரைகள். ஆட்கள் மட்டும் இல்லை.

"அப்பா, இதில இருந்த ஆக்கள் எங்கை?" என்று என் எட்டு வயது மகள் கேட்டாள்.

"ஷெல் சத்தம் கேட்டிருக்கும். பங்கருக்குள்ள போயிருப்பினம்," என்றேன்.

மனைவி என்னை முறைத்துவிட்டு, பிள்ளையை மடியில் இருத்தினாள். "உன்ர முதல் நன்மைக்கு நாங்களும் இப்பிடித்தான் மேசை போடுவம், என்ன. வளவுக்குள்ள, பூவரசுக்குக் கீழ. அம்மா பூ வைப்பன்."

அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. எங்கள் வளவு கடற்கரை மணல். தண்ணீரில் உப்பு, காற்றில் உப்பு. அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி ஊற்றியே அந்த மணலில் செவ்வரத்தை வேலி ஒன்றை எழுப்பியிருந்தாள். படலைக்கு மேலே கடதாசிப்பூக் கொடி. கிணற்றடியில் வெள்ளைப் பட்டிப்பூ, அது யாரும் நடாமல் தானாக முளைத்தது. இவற்றையெல்லாம் பார்க்க எனக்கு அனுமதி உண்டு. தொட இல்லை.

பிள்ளை கோயிலில் முதல் தரம் நற்கருணை வாங்கும் அந்த முதல் நன்மை நாளுக்கு இரண்டு கிழமைக்கு முன்பு வெள்ளாங்குளத்தில் இருந்த அவளுடைய அக்காவுக்குப் பிரசவம் நெருங்கியது. உதவிக்கு ஆளில்லை. தீவு ஆமியிடம் இருந்தது, வெள்ளாங்குளம் இயக்கத்திடம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் உயிலங்குளத்தில் ஒரு பாதை, அது திறந்திருக்கும்போது திறந்திருக்கும். பத்து நாள் பாஸ் எடுத்துக்கொண்டு மனைவி போனாள். எங்களுக்குச் சாப்பாடு பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து வந்தது. அவர் சம்மாட்டியின் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகும் ஒருவரின் மனைவி. நல்ல மனுசி. குரல் மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

புதன்கிழமை ஒரு லொறிக்காரர் கடிதம் கொண்டுவந்தார். "அக்காவுக்குப் பெட்டைப் பிள்ளை, சுகம். சனிக்கிழமை வந்திடுவன். ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய எல்லாம் நான் வந்து பாக்கிறன். பூவில கை வைக்காதையுங்கோ. உங்களுக்குத் தெரியாது."

வியாழக்கிழமை பின்னேரம் பெருநிலப் பக்கம் சத்தம் கேட்டது. தூரத்தில் யாரோ பெரிய அலுமாரிகளை இழுத்து நகர்த்துவது போல. வெள்ளிக்கிழமை காலையில் பாதை பூட்டு என்று கந்தோரில் சொன்னார்கள்.

அன்று நான் ஏழு பகிடி சொன்னேன். மத்தியானத்துக்குப் பிறகு பாலத்தடிச் சென்றிக்குப் போனேன். அங்கே காவலுக்கு நின்ற பொடியன் ஆமிக்காரனுக்கு இருபது வயது இருக்கும். எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில் பாதை எப்போது திறக்கும் என்று கேட்டேன். அவன் வானத்தைப் பார்த்தான், துவக்கை மற்றத் தோளுக்கு மாற்றினான். "ஹெட்ட," என்றான். நாளைக்கு. அவனுக்கும் தெரியாது என்பது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனாலும் நாளைக்கு என்று ஒருவன் சிங்களத்தில் சொன்னதை அரசாங்க அறிவித்தலாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை காலையிலும் பாதை திறக்கவில்லை. பிள்ளை கோயிலில் ஒத்திகைக்குப் போயிருந்தாள். போகும்போது கலண்டரைக் கழற்றி மேசையில் விரித்து வைத்துவிட்டுப் போனாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு பகிடியால் சமாளித்திருப்பேன்.

ஒரு மனிதனுக்குச் செய்ய ஒன்றும் இல்லாதபோது அவன் எதையாவது தூக்குவான். நான் சாப்பாட்டு மேசையைத் தூக்கினேன். வாசலில் அது சிக்கிக்கொண்டது. அதோடு சண்டை பிடித்து, வென்று, பூவரசுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன். நாளைக்கு அவள் வந்ததும் பூ வைப்பாள், நான் இப்போது சும்மா ஒரு வெள்ளோட்டம் பார்க்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கலண்டரைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். வெள்ளை விரிப்பு வேண்டும். அலுமாரியில் பூச்சி உருண்டையோடு மடித்து வைத்திருந்த நீளமான வெள்ளைச் சீலையை எடுத்தேன். பூச்சாடி வேண்டும். இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் இருக்கும் சாடிகள் இரண்டையும் எடுத்து, கைக்கு எட்டிய பட்டிப்பூவைப் பிடுங்கி அடைத்து, அந்தத் தலையில் ஒன்று இந்தத் தலையில் ஒன்றாக வைத்தேன். மெழுகுதிரி இரண்டு. நடுவில் கண்ணாடிக் கிண்ணம். பழம் இல்லை, அதனால் தண்ணீர் ஊற்றினேன்.

ஆடி மாதம் எங்கள் பக்கம் சோளகக் காற்று வீசும். வீசும் என்று சொல்வது மரியாதைக்கு. அது வளவுக்குள் புகுந்து சாமான்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போகும். விரிப்பு நடுவிலிருந்து கிளம்பி என் முகத்தில் அடித்தது. பாரமாக ஏதாவது வைக்க வேண்டும். அம்மியைத் தூக்க எனக்கு வலுவில்லை. வீட்டுக்குள் தேடினேன். இரும்பு அடிப்பாகம் வைத்த பாடுபட்ட சுருவம், சிலுவையில் தொங்கும் ஆண்டவர், கண்ணில் பட்டது. நல்ல கனம். கொண்டுவந்து, கிண்ணத்தைத் தள்ளிவைத்து, மேசை நடுவில் நாட்டினேன். விரிப்பு அடங்கியது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, திரிகளைக் கொளுத்த முடியுமா என்று நெருப்புப் பெட்டியோடு போராடத் தொடங்கினேன்.

இப்போது எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் ஆள் சாகக் கிடந்தால் கோயில் சுவாமி கடைசி எண்ணெயோடு அவஸ்தை பூச வருவார். அவர் வருவதற்கு முன்பு வீட்டுக்காரர் ஒரு மேசை போட்டு வைப்பார்கள். வெள்ளை விரிப்பு, இரண்டு பக்கமும் பூ, இரண்டு மெழுகுதிரி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர், நடுவில் பாடுபட்ட சுருவம். தீவில் பேச்சு வராத குழந்தைக்கும் அந்த மேசையைத் தெரியும். எனக்கும் தெரியும். எத்தனையோ வீட்டில் அதற்கு முன்னால் முழங்காலில் நின்றிருக்கிறேன். ஆனால் அன்று நான் மேசையைப் பார்க்கவில்லை. கலண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடையிலிருந்து திரும்பிய பக்கத்து வீட்டு அக்கா படலையடியில் நின்றார். சாமான் பை கையிலிருந்து விழுந்தது. ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருடைய கண்ணால் தண்ணீர் ஓடியது.

"தம்பி. எப்ப தம்பி?"

அவருடைய கணவர் கடலில் நாலு ஊர் வள்ளக்காரரோடு கதைக்கிறவர். எங்களுக்கு முன்னமே அவர்களுக்குச் சேதி வரும். அக்காவுக்கு ஏதோ தெரிந்துவிட்டது.

"வியாழக்கிழமைச் சத்தத்திலயோ?" என்று கேட்டேன்.

"வியாழக்கிழமையோ," என்று அக்கா நெஞ்சில் அடித்தார். "மூண்டு நாளா மனசுக்குள்ள வைச்சுக்கொண்டு, நான் தந்த சோத்தைத் திண்டுகொண்டு இருந்தனீயே ராசா."

நான் அழுதேன். என்னைப் பார்த்து அவர் அழுதார். அவர் அழுவதைப் பார்த்து எனக்கு இருந்த கொஞ்சச் சந்தேகமும் போனது. அவருடைய குரல் கேட்டு அடுத்த வளவுப் பெண்கள் வந்தார்கள். மேசையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மணலில் முழங்காலில் இருந்தார்கள். யாரோ செபமாலையைத் தொடங்கினார்கள். நானும் மற்றவர்களோடு சேர்ந்து என் மனைவியின் ஆத்துமத்துக்காகச் செபித்தேன். பாதியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது? பத்து வருடம் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், உப்பு எங்கே என்று தெரியாது. இனி யாரிடம் கேட்பது? உலகத்தில் எத்தனையோ பெரிய விசயம் இருக்க, என் மனம் உப்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

ஒத்திகை முடிந்து பிள்ளை வந்தாள். படலையில் நின்று கொஞ்சநேரம் பார்த்தாள்.

"அப்பா, ஏன் எல்லாரும் எங்கட மேசையைக் கும்பிடுகினம்?"

செபம் நின்றது. அக்கா என் காதடியில் வந்து, "பிள்ளைக்கும் சொல்லேல்லையே நீ?" என்றார்.

"எனக்கே நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"நான் என்ன சொன்னனான்?"

"எப்ப எண்டு."

"அது நான் உன்னைக் கேட்டனான். மேசையைக் கண்டுதானே கேட்டனான்." அக்காவின் அழுகை அப்படியே நின்றது. "இதென்ன மேசை?"

"சாப்பாட்டு மேசை. நாளைக்குப் பிள்ளையின்ர முதல் நன்மைக்கு. படத்தைப் பாத்துப் போட்டனான்."

அக்கா கலண்டரை வாங்கிப் பார்த்தார். சுருவத்தைப் பார்த்தார். பிறகு என்னை, தலையிலிருந்து கால்வரை, மீன் வாங்கும்போது பார்ப்பது போலப் பார்த்தார்.

"சாப்பாட்டு மேசையில சுருவத்தை வைச்சவனை இண்டைக்குத்தான் காணுறன். உயிரோட இருக்கிறவளைச் சாக்காட்டிப் போட்டியே, விசரா."

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கத்தானே தெரியும். அவர்கள் சிரித்து முடித்து, தங்கள் பயத்தை மணலில் தட்டி உதறிவிட்டுப் போனார்கள். என்னுடையது போகவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று யாரும் வந்து சொல்லவில்லையே. நடந்தது என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பின்னேரம் எங்கள் கிணற்றுக்குத் தண்ணீர் அள்ள வருகிறவர் வந்தார். மலைநாட்டில் பிறந்தவர். கலவரத்தில் அங்கிருந்து விரட்டப்பட்டு, கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே வயலில் கூலிக்கு நின்று, யுத்தம் அங்கும் வரத் தீவுக்கு வந்து கருவாடு காயப்போடும் வேலை செய்துகொண்டிருந்தார். இளவயதில் தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களாவில் வேலை பார்த்தவர் என்பது தெரியும். என்ன வேலை என்று கேட்டதில்லை. வாளியை வைத்துவிட்டு மேசையைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"ஐயா, இது சாமி மேசைங்க," என்றார்.

"அதைத்தான் ஊரே சொல்லிப்போட்டுப் போயிட்டுது அண்ணை."

"சாப்பாட்டு மேசையில பூ எந்திரிச்சி நிக்கக் கூடாது. படுத்துக்கணும். எதிர்ல இருக்கிறவங்க மூஞ்சிய மறைச்சா அப்பறம் யாரோட பேசுறது? நான் பதினாலு வருசம் புல்லுல மேசை போட்டவன்ங்க. தொரைசானி ஒரு பூ ஒசரமா இருந்தாக்கூட கண்ணால காட்டுவாங்க."

அவர் சொன்னதெல்லாம் எனக்குப் புதிது. சாடி வேண்டாம், சாப்பாட்டுத் தட்டில் ஈர மணலைப் பரப்பிப் பூவைக் குத்த வேண்டும். செவ்வரத்தையை விடிய மொட்டாகவே வெட்டினால் மத்தியானம் மேசையில் விரிந்திருக்கும். கடதாசிப்பூ தண்ணீர் இல்லாமலே நிற்கும், அதை விரிப்பின் நடுவில் கோடாகப் போடலாம். காற்றுக்கு விரிப்பின் நாலு மூலையிலும் கல்லை வைத்து முடிச்சுப் போட்டால் போதும்.

"அண்ணை, பூவில கை வைக்கவேண்டாம் எண்டு மனிசி எழுதியிருக்கிறா."

"அது ஒங்களத்தானங்க சொல்லியிருக்காங்க," என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. பிறகு, "வீட்டம்மா எங்க உக்காருவாங்க?" என்று கேட்டார்.

அவள் பாதைக்கு அந்தப் பக்கம் என்றேன்.

"அது சரிங்க. எந்த நாக்காலி?"

காட்டினேன். அந்தக் கதிரைக்கு முன்னால் ஒரு தட்டளவு இடத்தில் பூ வைக்காமல் விடவேண்டும் என்றார். வீட்டம்மா அந்த இடைவெளியால்தான் எல்லோருடைய கோப்பையையும் பார்ப்பாவாம்.

ஞாயிற்றுக்கிழமை விடிய அவர் வந்து வெட்டினார். பூசைக்குப் போய் வந்தபோது மேசை தயாராக இருந்தது. கலண்டர் படம் அதற்குப் பக்கத்தில் நிற்காது. சிவப்பும் ஊதாவும் வெள்ளை விரிப்பில் கிடந்தன. மேலே பூவரசிலிருந்து மஞ்சள் பூ ஒன்று இரண்டு தானாக விழுந்தது, அதை எடுக்க வேண்டாம் என்று அவர் கையைக் காட்டினார்.

பூசையில் என் பிள்ளை நன்மை வாங்கத் தலையை உயர்த்துமுன் ஒரு தரம் கோயில் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வாசலில் வெயில் மட்டும் நின்றது.

பன்னிரண்டு பேர் சாப்பிட்டோம். மஞ்சள் சோற்றில் மணல் நெறுநெறுத்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. மேசை போட்டவரை எத்தனை தரம் கூப்பிட்டும் உட்காரவில்லை, கதிரைகளுக்குப் பின்னால் நின்றே பரிமாறினார். எல்லோரும் பேசினார்கள், எல்லோருடைய முகமும் தெரிந்தது, பூவில்லாத அந்த இடம்தான் எல்லாவற்றையும்விட நன்றாகத் தெரிந்தது. அக்கா பட்டர் கேக் செய்து கொண்டுவந்திருந்தார். கத்தியைப் பிள்ளையிடம் கொடுத்தார்.

"அம்மா வந்தாப் பிறகு வெட்டுறன், மாமி," என்றாள் அவள்.

"அம்மா நாளைக்கோ நாளண்டைக்கோ, பிள்ளை."

"அப்ப நாளைக்கு வெட்டுறன். மேசையை எடுக்க வேண்டாம், அப்பா."

மேசையை எடுக்கவில்லை. கேக்கை வலை அலுமாரிக்குள் வைத்தோம். பின்னேரம் சென்றிக்குப் போனேன். அதே பொடியன். என்னைக் கண்டதும் நான் கேட்குமுன்பே, "ஹெட்ட," என்றான்.

மன்னாரில் கழுதைகள் தெருவுக்குச் சொந்தக்காரர். படலையைப் பூட்டாமல் ஒருவரும் வெளியே போகமாட்டார்கள். நான் போனேன். திரும்பி வந்தபோது மூன்று கழுதைகள் மேசையைச் சுற்றி, விருந்தாளிகள் போலவே நல்ல ஒழுங்கில் நின்றன. தட்டுகளில் மணல் மட்டும் மிச்சம். செவ்வரத்தை வேலியில் எட்டிய மட்டும் இலையும் இல்லை, மொட்டும் இல்லை. கடதாசிப்பூக் கொடி பாதி இழுபட்டுக் கிடந்தது. மனைவி ஐந்து வருடம் அரிசித் தண்ணீர் ஊற்றியதை அவை அரைமணி நேரத்தில் முடித்திருந்தன. கிணற்றடிப் பட்டிப்பூவை மட்டும் தொடவில்லை. அந்தக் கசப்பு கழுதைக்கும் தெரியும், எனக்குத் தெரியாதது எதுவோ அது எல்லாம் கழுதைக்குத் தெரியும்.

திங்கட்கிழமையும் பாதை திறக்கவில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து மறுபடி நன்மைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேசையடியில் இருந்தாள். "அம்மா பாக்கேல்லையே," என்றாள். பூ இல்லாத விரிப்பைக் கையால் நீவிவிட்டாள். தண்ணீர் அள்ளுகிறவர் கருவாட்டு வேலையாகச் சிலாவத்துறைப் பக்கம் கடலால் போய்விட்டார். இரவல் தந்த தட்டுகளை அக்கா திருப்பிக் கொண்டுபோய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை கந்தோரிலிருந்து நேரத்தோடு வந்தேன். பிள்ளைக்காக ஏதாவது செய்ய வேண்டும். இருந்த பூ பட்டிப்பூ. வைக்க இருந்தது அந்த இரண்டு சாடி. மூலையில் முடிந்த கற்களைக் கழுதைகள் இழுத்து அவிழ்த்திருந்தன, காற்றோ அன்றைக்கு மிகவும் மோசம். பிள்ளை தன்னுடைய நன்மைத் திரியை வைக்கச் சொன்னாள். சோடிக்கு இன்னொன்று வைத்தேன். அவள் குடிக்கத் தண்ணீர் கேட்டு, பாதியைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தை அங்கேயே வைத்தாள். விரிப்பு எழும்பியது. நான் உள்ளே போய்ப் பாரமாக ஒன்று கொண்டுவந்தேன்.

ஆம். அதேதான். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு மனிதன் ஒரே பிழையை மூன்று நாள் இடைவெளியில் இவ்வளவு துல்லியமாகத் திருப்பிச் செய்ய முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிள்ளை வீட்டுக்குப் பின்னால் போனாள். நான் மேசைக்குப் பக்கத்தில் தலையைக் கையால் தாங்கிக்கொண்டு, நாளைக்கு அந்தப் பொடியனிடம் எந்த முகத்தோடு போவது என்று யோசித்தபடி இருந்தேன். படலை கிறீச்சிட்டது.

மனைவி நின்றாள். அன்று மத்தியானம் பாதை திறந்தது எனக்குத் தெரியாது. செருப்பெல்லாம் செம்மண். ஒரு கையில் பை, மற்றக் கையில் குடை. அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தாள். ஒரு தலையிலிருந்து மற்றத் தலைவரை, ஒவ்வொன்றாக. பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"ஆர்?" என்றாள்.

என் வாய்க்குள் பகிடி ஒன்றும் இல்லை. சொல்லும் இல்லை. ஒருவரும் இல்லை, ஒருவரும் இல்லை என்று தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை அவள் எப்படி எடுத்தாள் என்பதை அவளுடைய முகம் எனக்குக் காட்டியது. நான் உயிரோடு இருக்கிறேன் என்றால் மிச்சம் இருப்பது ஒரே ஆள்தானே. பை விழுந்தது. படலைக் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே மணலில் இருந்தாள். சனிக்கிழமை நான் இருந்த கால்மணி நேரத்துக்குள் இப்போது அவள் இருக்கிறாள், அவளை அங்கே அனுப்பியது நான், கூப்பிட்டு எடுக்க எனக்குக் குரல் இல்லை.

வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு கழுதை ஓடிவந்தது. அதற்குப் பின்னால் விளக்குமாற்றோடு, வெள்ளைச் சட்டை முழுதும் ஊத்தையாக, என் மகள்.

"அப்பா, படலையைப் பூட்டச் சொன்னனான் எல்லே," என்று கத்திக்கொண்டு வந்தவள் தாயைக் கண்டாள். விளக்குமாறு விழுந்தது.

அவர்கள் இருவரும் எவ்வளவு நேரம் மணலில் இருந்தார்கள் என்று தெரியாது. கழுதைகூட மரியாதைக்கு ஒதுங்கி நின்றது. கடைசியில் மனைவி எழும்பி வந்தாள். சுருவத்தைத் தூக்கி முத்தமிட்டு என் கையில் தந்தாள். சாடி இரண்டையும் கீழே இறக்கினாள். பிறகு வேலியைப் பார்த்தாள்.

"என்ர செவ்வரத்தை எங்கை?"

"கழுதை."

"பூவில கை வைக்காதையுங்கோ எண்டு எழுதினனான்."

"நான் கை வைக்கேல்லை. வாயும் வைக்கேல்லை."

அவள் சிரிக்கவில்லை. தன் கதிரையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் இழுத்துக்கொண்டாள். பிள்ளை கேக்கைக் கொண்டுவரச் சொன்னாள். மூன்று நாள் கேக், கல்லாகியிருந்தது. நான்கு கை சேர்ந்துதான் கத்தியை இறக்க வேண்டியிருந்தது. சுருவத்தைப் பிடித்துக்கொண்டு நான் குசினி வாசலில் நின்றேன்.

"இஞ்சேரும்," என்றேன். "உப்பு எங்கை வைச்சிருக்கிறீர்?"

"கேக்குக்கு ஏன் உப்பு?"

"இல்லை. சும்மா தெரிஞ்சு வைச்சிருக்க."

அவள் நிமிர்ந்து என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். மேசையில் இப்போது பூ ஒன்றும் இல்லை, நேராகப் பார்க்க முடிந்தது.

"சொல்லமாட்டன்," என்றாள். "தேவையெண்டால் என்னைக் கேளுங்கோ."